இன்னொரு முறிவும் இருக்கலாம்

சேவூர் வட்டாரத்தில் அடிபட்டவரை முதலில் தூக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

அவினாசி - புளியம்பட்டி சாலையோரம் டீக்கடை வைத்திருப்பவர்கள், ஸ்டாண்டில் ஆட்டோ போட்டிருப்பவர்கள், பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர்கள், தோப்பில் தேங்காய் போடும் குழுக்கள், சென்ட்ரிங் மேஸ்திரிகள், நிலக்கடலை ஏலத்துக்கு வரும் மூட்டைகளை இறக்கி ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கம் ஒருவர் அடிபட்டு விழுந்தால் அவர் உடம்பில் முதலில் படுவது டாக்டர் கை அல்ல, உங்கள் கை. 2020 பிப்ரவரி 20 அன்று விடியும் முன்னே, அவினாசிக்குப் பக்கத்தில் கேரள அரசுப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தார்கள். அன்றைக்கும் இருட்டில் ஓடிவந்தவர்களில் அக்கம்பக்கத்துச் சனங்கள் இருந்தார்கள். அது நாடே அறிந்த விபத்து. செய்தியில் வராத விபத்துகள், ஒருவர் இருவர் அடிபடுகிறவை, நம் சாலைகளில் எப்போதும் நடக்கின்றன. அங்கேயும் நீங்கள்தான் ஓடுகிறீர்கள்.

நான் இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, கட்டிலில் கிடப்பவர்களிடம் கடைசியாக வந்து சேர்கிற ஆள். அங்கே நின்று பார்க்கும்போது, முதல் நாள் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

முதுகெலும்பு ஓரிடத்தில் முறிந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. அதற்கு மேலேயோ கீழேயோ, நடுவில் நல்ல எலும்புகளை விட்டுவிட்டு, தள்ளி இன்னோர் இடத்திலும் முறிந்திருக்கலாம்.

இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஏலக்கூடத்தில் உயரமாக அடுக்கிய மூட்டைகளின் மேல் திடீரென்று பெரிய பாரம் விழுந்தால் எல்லா மூட்டையும் ஒரே மாதிரி நசுங்குவதில்லை. அடுக்கு வளைகிற இடத்தில் ஒன்று வெடிக்கும், கீழே தள்ளி இன்னொன்றும் வெடிக்கும், நடுவில் இருப்பவை அப்படியே இருக்கும். முதுகெலும்பிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. விலா எலும்புகள் கட்டிப்பிடித்திருப்பதால் நெஞ்சுப் பகுதி அதிகம் அசையாது. கழுத்தும் இடுப்பும் நன்றாக அசையும். அசையாத பகுதியும் அசையும் பகுதியும் சந்திக்கிற இரண்டு எல்லைகளில்தான் வேகம் வந்து முட்டுகிறது. கீழ் எல்லையைத்தான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி-12, எல்-1 என்று எழுதுகிறார்கள். உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு மிக அதிகமாக முறிவது அங்கேதான்.

தென்னையிலிருந்து காலூன்றி விழுந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் முதலில் படுவது குதிகால். அங்கிருந்து அதிர்ச்சி கால் வழியாக இடுப்புக்கு ஏறி எல்-1 எலும்பை நசுக்கும். உடம்பு முன்னால் மடங்கித் தலை கவிழும்போது கழுத்துக்குத் தனியாக அடி விழும். ஒரே ஒரு விழுகை, மூன்று இடத்தில் முறிவு. குதிகால் எலும்பு நொறுங்கியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடுப்பு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்பது எலும்பு மருத்துவத்தில் மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். ஆனால் குதிகாலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, வலியும் அங்கேதான் உயிரைப் பிடுங்குகிறது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு, "முதுகுல கொஞ்சம் வலிக்குதுங்க" என்று அவர் சொன்னால், "விழுந்த அடிதான், சரியாப் போயிரும்" என்று சொல்லிவிடுகிறோம்.

எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது? 1978இல் சிகாகோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முதுகெலும்பில் அடிபட்ட 700க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், நூற்றில் நாலைந்து பேருக்குத் தள்ளித் தள்ளி இரண்டு இடங்களில் முறிவு இருந்தது. இரண்டாவது முறிவு கண்டுபிடிக்கப்படச் சராசரியாக 50 நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது என்பதுதான் அதில் என்னை உலுக்கிய செய்தி. அந்த நாட்களெல்லாம் அந்த மனிதரைப் புரட்டியிருப்பார்கள், உட்கார வைத்திருப்பார்கள், தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அது எக்ஸ்ரே மட்டும் இருந்த காலம். முழு முதுகையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் காலம் வந்தபின் நம் கோவையிலேயே, கங்கா மருத்துவமனையின் முதுகெலும்புப் பிரிவினர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 500 நோயாளிகளில், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இந்த மாதிரி விலகிய இடங்களில் காயம் இருந்தது. பெரிய அடிபட்டவர்கள் தேடிவரும் மருத்துவமனை என்பதாலும், எலும்புக்குள் கன்றிப்போன சின்னக் காயத்தைக்கூட எம்.ஆர்.ஐ. காட்டிவிடும் என்பதாலும் அந்த எண் பெரிதாகத் தெரிகிறது என்று ஒருவர் சொல்லலாம். அது நியாயமான வாதம்தான். அவற்றில் பலவற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. ஆனாலும் எது சின்னது, எது பெரியது என்று முடிவு செய்ய, முதலில் அது இருப்பது தெரிய வேண்டும் அல்லவா? அந்த ஆய்வுக்கு வந்தவர்கள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ விழுந்தவர்கள் இல்லை. நம் மாதிரி சாலைகளிலும் மரங்களிலும் கட்டடங்களிலும் விழுந்தவர்கள்.

ஏன் தவறிப்போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர்களின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எளிது. அது உண்மையல்ல. உடம்பே மறைக்கிறது.

நான் பயிற்சி கொடுத்த ஒரு தங்கச்சி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். வேன் கவிழ்ந்ததில் கழுத்து எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கி, கைகளில் பாதி பலமும் கால்களில் முழுப் பலமும் போய்விட்டது. கழுத்தில் ஆபரேஷன் நன்றாக நடந்தது. வாரங்கள் கழித்து அவரை உட்காரவைக்கப் பழக்கும்போது, முதுகின் கீழ்ப்பாதியில் எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு வந்தது. கையை வைத்தால் மேடு தெரிந்தது. படம் எடுத்தால் டி-12இல் பழைய முறிவு, நசுங்கி முன்பக்கம் சரிந்திருந்தது. அவருக்கு அங்கே வலியே இல்லை. எப்படி இருக்கும்? கழுத்துக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டதே. மேலே உள்ள முறிவு, கீழே உள்ள முறிவின் வாயைக் கட்டிவிட்டது.

இது வெறும் கூன் விழுகிற விஷயமும் அல்ல. தண்டுவடம் எல்-1, எல்-2 அளவில் முடிகிறது. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆளும் நரம்புகள் அதன் நுனியிலிருந்து புறப்படுகின்றன. கழுத்தில் மட்டும் அடிபட்டவருக்கு, ஆரம்ப அதிர்ச்சி கழிந்ததும் சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கத் தொடங்கும். கால் தசைகள் விறைக்கும். எல்-1 பக்கமும் நசுங்கியிருந்தால் பை தளர்ந்தே கிடக்கும். கால்களும் தொய்ந்தே இருக்கும். இரண்டுக்கும் கவனிப்பு முறை வேறு. இரண்டாவது முறிவைப் பார்க்காமல் விட்டால், நாம் தப்பான சிறுநீர்ப்பைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்போம்.

எக்ஸ்ரேயும் சில இடங்களில் ஏமாற்றும். பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் தோள்பட்டை எலும்புகள் கழுத்தின் அடியையும் நெஞ்சின் மேல் நாலைந்து எலும்புகளையும் மறைத்துவிடும். உடம்பு தடிமனானவர் என்றால் சொல்லவே வேண்டாம். இதில் தலையில் அடிபட்டு நினைவில்லாதவர், குடித்திருப்பவர், மூச்சுக்குழாய் போட்டு மயக்கத்தில் வைக்கப்பட்டவர் ஆகியோர் எங்கே வலிக்கிறது என்று சொல்லவே முடியாது. நெஞ்சில் ரத்தம் தேங்கியிருந்தால் டாக்டர்கள் முதலில் உயிரைத்தான் காப்பாற்றுவார்கள். காப்பாற்றவும் வேண்டும். முதுகை மீண்டும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பரபரப்பில் அடுத்த ஷிஃப்டுக்குப் போய், அதற்கடுத்த ஷிஃப்டில் மறந்தும் போகலாம்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் கம்பெனிகளிலும் சைட்டுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள். முதுகெலும்பைத் தலையிலிருந்து வால் எலும்பு வரை ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்தி, "இங்க வலிக்குதா, இங்க?" என்று கேட்பதுதான் மிகப் பழைய, செலவில்லாத பரிசோதனை. கேள்வி புரியாத பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டும், அல்லது எதற்கும் ஆட்டாது. அடிபட்டவர் வெளிமாநிலத்தார் என்றால் ஆம்புலன்ஸ் பின்னாலேயே அவர் பேச்சுத் தெரிந்த கூட்டாளி ஒருவரை வண்டி ஏற்றி அனுப்புங்கள். சூப்பர்வைசர் போவதைவிட அது முக்கியம்.

இனி சம்பவ இடத்தில் செய்ய வேண்டியது. இது உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான்.

108க்கு உடனே அடியுங்கள். அவர் மூச்சு விடுகிறாரா, ரத்தம் பீறிடுகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் முதுகெலும்புகூடப் பின்னால்தான் நிற்க வேண்டும். நெருப்புப் பிடிக்கிற வண்டி, பின்னால் வேகமாக வரும் லாரி, தண்ணீர் இருக்கும் கிணறு போன்ற ஆபத்து இல்லையென்றால், கிடந்தபடியே கிடக்கட்டும். "எந்திரிச்சு உக்காருங்கண்ணா, ஒண்ணுமில்லீங்க" என்று அன்பால்தான் சொல்கிறோம். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும் அன்பால்தான். அந்த ஒரு இழுப்பில், முறிந்தும் நகராமல் நின்றிருந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நெரிக்கலாம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாலே பெரிய உதவி. தண்ணீர் கொடுக்காதீர்கள். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும். மூச்சுக்குத் தடை என்றால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம்.

வாந்தி வந்தாலோ பலகைக்கு மாற்ற வேண்டியிருந்தாலோ உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே துண்டாகத் திருப்ப வேண்டும். தலைக்கு ஒருவர், தோள், இடுப்பு, காலுக்கு மூன்று பேர். கட்டளை கொடுப்பது தலையைப் பிடித்திருப்பவர் மட்டும். அவர் மூன்று எண்ணியதும் எல்லோரும் திருப்ப வேண்டும். இரண்டு இடத்தில் முறிந்தவருக்கு இது இன்னும் அவசியம். கழுத்தை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு இடுப்பை முறுக்கினால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம். கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் மற்ற பகுதி பத்திரம் என்று நம்பிவிடுவதும் இதே தப்புத்தான். ஆட்டோவின் பின் சீட்டில் மடக்கி உட்காரவைத்து அவினாசிக்கு விரட்டுவதை, வேறு வழி சுத்தமாக இல்லாத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சரக்கு வண்டியின் சமதளத்தில், கதவுப் பலகையில் கிடத்திக் கொண்டுபோவது மேல்.

போலீஸ், கேஸ் என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் இது சாலை விபத்துக்கானது. மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்தவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இ.எஸ்.ஐ. அட்டையோதான் கைகொடுக்கும். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்தை வேலையிட விபத்தாகக் கொள்ளும் திருத்தம் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010லேயே வந்தது. கம்பெனி வேனில் அடிபட்டவர்களில் இது தெரியாமல் கைக்காசைச் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை வாசலில் உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும்: "முதுகு முச்சூடும் பாத்தாச்சுங்களா டாக்டர்?" பணிவாகவே கேளுங்கள், ஆனால் கேளுங்கள். எந்த உயரத்திலிருந்து விழுந்தார், எந்தப் பக்கமாக விழுந்தார், காலூன்றியா தலைகுப்புறவா, வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் தூக்கி வீசப்பட்டார், விழுந்தவுடன் கால் அசைத்தாரா என்பதெல்லாம் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். "மரத்துல இருந்து விழுந்துட்டாருங்க" என்பதோடு நிறுத்தாமல் இவற்றையும் சொன்னால், எங்கெல்லாம் தேட வேண்டும் என்று டாக்டருக்கு வழி கிடைக்கிறது. விழுந்தவுடன் கால் அசைந்தது, இப்போது அசையவில்லை என்றால், அந்த ஒரு தகவல் ஆபரேஷனின் அவசரத்தையே மாற்றிவிடும்.

முதுகு பிடித்துக்கொண்ட எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாமல் ஸ்கேன் எடுப்பது ஏழைக்கு இன்னோர் அடி. தன் உயரத்தைவிட மேலான இடத்திலிருந்து விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கி வீசப்பட்டவர், கை கால் மரத்துப்போனவர், நினைவு சரியில்லாதவர், குதிகால் நொறுங்கியவர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓரிடத்தில் ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு உறுதியானவர், இவர்களுக்காகத்தான் பேசுகிறேன். பெரிய விபத்துக்குத் தலை, நெஞ்சு, வயிறு என்று சி.டி. எடுத்திருப்பார்கள். அதே பதிவிலிருந்து முதுகெலும்புப் படங்களையும் கணினியில் பிரித்தெடுக்க முடியும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும், முறிந்த பகுதியை விரிவாக எடுத்த பிறகு, தலையடியிலிருந்து வால் எலும்பு வரை நீளவாக்கில் ஒரு முழுப்படம் எடுக்கச் சில நிமிடங்களே கூடுதலாகும். புதிதாக அடிபட்ட எலும்பு அதில் வெளிச்சமாகத் தெரியும். பழைய முறிவு அப்படித் தெரியாது. கங்கா மருத்துவமனை ஆய்வு வற்புறுத்துவதும் இந்த முழுப்படத்தைத்தான். நோயாளி ஏற்கெனவே அந்த இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இரண்டு முறிவு என்று தெரிந்துவிட்டால் வீட்டார் நொறுங்கிப்போகிறார்கள். இரண்டு ஆபரேஷனா, இரண்டு மடங்கு செலவா, இரண்டு மடங்கு ஊனமா என்று. அப்படி இல்லை. ஒவ்வொரு முறிவையும் தனித்தனியாக எடைபோடுவார்கள். எலும்பின் உடல் மட்டும் நசுங்கியதா, பின்னால் கட்டி நிறுத்தும் தசைநார்களும் கிழிந்தனவா, எலும்பே இடம் விட்டு நழுவியதா, நரம்பு நெரிபட்டதா? நசுங்கல் மட்டும் என்றால் பெரும்பாலும் பெல்ட் போட்டுச் சில வாரங்கள் கவனித்தால் கூடிவிடும். தசைநாரும் கிழிந்து நழுவியிருந்தால் கம்பியும் திருகாணியும் வைத்து நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று ஆபரேஷனுக்கும் மற்றொன்று பெல்ட்டுக்கும் போவது சாதாரணமாக நடப்பது.

எதை முதலில் செய்வது என்பதில்தான் இரண்டு முறிவும் தெரிந்திருப்பதன் அருமை புரியும். பொதுவாக நரம்பை நெரிக்கிற, அதிகம் ஆடுகிற முறிவுக்கே முதலிடம். நெரிபட்ட தண்டுவடத்தை 24 மணி நேரத்துக்குள் விடுவிப்பது நல்லது என்று 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிய பிறகு அந்த அவசரம் கூடியிருக்கிறது. ஆனால் இடுப்பு ஆபரேஷனுக்கு நோயாளியைக் குப்புறப் போட வேண்டும். மயக்க மருந்தில் கழுத்துத் தசைகள் தளர்ந்திருக்கும். கழுத்திலும் ஆடுகிற முறிவு இருப்பது தெரியாமல் அப்படிப் புரட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தெரிந்திருந்தால் கழுத்தை முதலில் கட்டி நிறுத்துவார்கள், அல்லது புரட்டும்போது தனிப் பாதுகாப்புக் கொடுப்பார்கள். உடம்பு தாங்குமென்றால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பார்கள். ஆடுகிற முறிவை எல்லாம் சீக்கிரம் நிறுத்திவிட்டால் நோயாளியைச் சீக்கிரம் உட்காரவைக்கலாம். நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் காலில் ரத்தம் உறைவதும் அதனால் குறையும். பெல்ட் மட்டும் போட்ட இரண்டாவது முறிவை எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படுத்திருந்தபோது நேராக இருந்த எலும்பு, பாரம் ஏறியதும் சரியலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கான தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேண்டுகோள். எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது எதுவும் வேண்டாம். கை கால் முறிவுக்குக் கட்டு வைத்தியத்தை நம்புகிறவர்களோடு இங்கே சண்டை போட வரவில்லை. முதுகெலும்புக்குள் தண்டுவடம் ஓடுகிறது. வெளியே கட்டும் கட்டு அதை எட்டாது. விழுந்து சில வாரம் ஆகியும் முதுகுவலி குறையாமல் கூடினால், கால் மரத்தால், சிறுநீர் வர முக்க வேண்டியிருந்தால், ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி குறைந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விழாமலேயே முறிகிற முதுகையும் சொல்லிவிட வேண்டும். நம் அம்மாயி, அப்பத்தாக்களுக்கு எலும்பு தேய்ந்து, குடம் தூக்கியபோதோ பஸ் குலுங்கியபோதோ ஓர் எலும்பு நசுங்கும். பிறகு நாலு கணு தள்ளி இன்னொன்று. பல முறிவுகள் வலியே இல்லாமல் கடந்துபோகும். வயதானால் கூன் விழும் என்று விட்டுவிடுகிறோம். ஆள் நாலைந்து சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டார் என்று தோன்றினால் முதுகை ஒரு படம் எடுங்கள். ஒரு முறிவு இருப்பது தெரிந்தால் அடுத்தது வராமல் தடுக்க மருந்து உண்டு. சின்ன வயதுக்காரருக்குக் காரணமே இல்லாமல் எலும்பு நசுங்கியிருந்தால் காசநோயாகவும் இருக்கலாம். முதுகுக் காசநோயும் இதே மாதிரி இடம் விட்டு இடம் தாவும் என்பதால் அங்கேயும் முழு முதுகைப் பார்ப்பது பலன் தரும்.

கால் எழும்பாது என்று உறுதியான வீடுகளுக்கும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல ஆசை. 1954இல் வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தையே தொடங்கி வளர்த்தார். இன்றும் அங்குள்ள மறுவாழ்வு மையம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த இரண்டு இடங்களிலும் தண்டுவடம் பாதித்தவர்களுக்குப் பயிற்சி உண்டு. உட்காரவும், தானே சிறுநீர்க்குழாய் போட்டு எடுக்கவும், படுக்கைப் புண் வராமல் புரளவும், மறுபடி ஒரு வேலைக்குப் போகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். படுக்கையிலேயே கிடந்த ஒருவர், பயிற்சிக்குப் பின் ஓவர்லாக் மிஷினைக் கையால் இயக்கும்படி மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்தே பீஸ் தைத்துச் சம்பாதித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புண்ணாகிப்போன முதுகோடு யாரையும் அங்கே அனுப்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, புண் வரும் முன்னே அனுப்புங்கள்.

விழாமல் இருக்கச் செய்ய வேண்டியதும் நம் கையில் இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் இன்னும் எத்தனை தோட்டங்களில் வாய் பிளந்து நிற்கின்றன! பாழாகிப்போன கிணற்றுக்குக்கூடக் கைப்பிடிச் சுவரோ கம்பி வலையோ போடச் சொல்லி அடுத்த கிராமசபையில் எழுந்து பேசுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னையின் நண்பர்கள்' என்று மரம் ஏறும் கருவியில் பயிற்சி கொடுத்து வருகிறது. ஏறுகிறவர்களுக்குக் 'கேர சுரக்ஷா' காப்பீடும் வைத்திருக்கிறது. தோப்புக்காரர்கள் அந்தத் தவணையைத் தாங்களே கட்டலாம். இடுப்புக் கயிறு இல்லாமல் இரண்டாம் மாடிச் சாரத்தில் ஆளை ஏற்றும் மேஸ்திரியிடம் எனக்கு நேரடியாகவே கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

கடைசியாகக் கேட்பது ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலையில், கம்பெனி ஷெட்டிலோ ஸ்டாண்டிலோ மண்டபத்திலோ, ஐந்து பேராகச் சேருங்கள். ஒருவர் படுத்துக்கொள்ள, நால்வர் அவரை அசையாமல் திருப்பிப் பலகைக்கு மாற்றிப் பழகுவோம். தலையைப் பிடிப்பவரை மாற்றி மாற்றி எல்லோரும் கட்டளை கொடுத்துப் பார்க்க வேண்டும். வெளிமாநிலப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பலகையும் கழுத்துப் பட்டையும் நான் கொண்டுவருகிறேன். எந்த ஞாயிறு என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து பிசியோதெரபிஸ்ட்
சேவூர்